நத்தார்ச் சாடி

மார்கழி மழை வட்டக்கச்சியில் இறங்கிவிட்டால் வாய்க்காலுக்கும் வீதிக்கும் வித்தியாசம் தெரியாது. காலபோகப் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும். வீட்டு நெல்லுப் பெட்டியின் அடி தெரியத் தொடங்கியிருக்கும். 1970களின் நடுப்பகுதியில், அப்படியான ஓர் இரவிலே, பத்து வயதுப் பிள்ளையாகிய நான் ஒரு கறுத்தப் போத்தல் திறபடுவதை முதன்முதலாகப் பார்த்தேன்.

அது எங்கள் பக்கத்துக் காணி. 1950களில் இரணைமடுக் குளத்தின் கீழ் வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தபோது காணி பெற்றவரின் மாமனார் அங்கே இருந்தார். நுவரெலியாத் தபால் கந்தோரில் நெடுங்காலம் வேலை பார்த்து, இளைப்பாறி, மகளோடு வந்து இருந்தவர். ஊர்ப்பிள்ளைகளுக்கு அவர் ‘தபாலப்பு’. அவருடைய மனைவி எங்களுக்கு ஆச்சி. வேதக்காரக் குடும்பம். கிளிநொச்சித் தேவாலயத்தில் நள்ளிரவுப் பூசை கண்டு, மழையில் நனைந்து, விடியப்புறம் வந்து சேர்வார்கள். வந்ததும் அயலில் உள்ள சைவக்காரரையும் கூப்பிட்டு, மேசையில் பலகாரம் பரப்பி, நடுவிலே அந்தப் போத்தலை வைப்பார் தபாலப்பு.

போத்தலில் சிங்கப் படம். ஊற்றும்போது கறுப்பு; மேலே எழும் நுரையோ மண்ணிறம். எரிந்த சீனியின் மணமும் கோப்பி மணமும் கலந்து அறையெங்கும் பரவும். பிள்ளைகளுக்கு இஞ்சிச் சோடா. பெரியவர்கள் ஒன்பது பேருக்கு அந்த ஒரேயொரு போத்தல். சின்னஞ்சிறு கிளாசில் அளந்து, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது போகும். அன்று என் தகப்பனார் இரண்டாம் முறையும் கையை நீட்டினார். தபாலப்பு போத்தலைக் கவிழ்த்துக் காட்டி, “இது குடிக்கிற சாமானில்லைத் தம்பி, பங்கிடுற சாமான்” என்றார்.

அப்பா எழும்பிப் போய்விட்டார். வாய்க்கால் கரையில் கசிப்புக் காய்ச்சும் இடம் ஒன்று இருந்தது. அங்கேதான் போனார் என்பதை விடிந்ததும் அறிந்தோம். அவருடைய கதையை இங்கே நீட்ட விரும்பவில்லை. அடுத்த சிறுபோகத்துக்கு வைத்திருந்த விதைநெல்லை அவர் விற்றுக் குடித்தார் என்பதை மாத்திரம் சொல்லிவிடுகிறேன். விதைநெல்லை விற்ற வீடு என்றால் கமக்காரர் மத்தியில் அதற்கு என்ன பொருள் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து என் தாயார் தபாலப்பு வீட்டுப் பலகாரத்தை ஏற்றுக்கொள்வார். அந்த வீட்டில் குடிக்க எது தந்தாலும் தொடமாட்டார்.

வருடத்தில் ஒரு நாளைக்கென்று ஏன் ஒரு மதுவை வைத்தார்கள்? அதுவும் ஏன் மற்ற நாட்களில் குடிப்பதைவிட வலுவானதை வைத்தார்கள்? வீட்டில் குடியால் பட்டவனுக்கு இந்தக் கேள்வி எளிதில் விட்டுப் போகாது. பிற்காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் அந்தப் போத்தலின் கதை. பார்லித் தானியம் விளையாத எங்கள் தீவில் பார்லி மது எப்படி வந்தது? பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப்போய்ப் பேரெடுத்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். மாடுகள், கலப்பைகள், கொல்லர் உட்பட இங்கிலாந்தின் ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றிவந்து மலையில் இறக்கிப் பார்த்த மனிதர் அவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அவருக்குத் தன்னுடைய ஊர்க் குளிர் கிடைத்தது. அங்கே சிறிய அளவில் பியர் வடிக்கும் முயற்சியையும் அவரே தொடக்கினார் என்பர். 1855இல் அவர் தீவை விட்டுப் போனார். 1881இல் அதே நுவரெலியாவில் சிலோன் புரூவரி என்ற பியர்த் தொழிற்சாலை எழுந்தது. நானுஓயாவுக்கு இரயில் வந்தது 1885இல். அதற்கு முன்னர் மலைப்பாதையில் ஏறவும் இறங்கவும் மாட்டுவண்டியை நம்ப வேண்டியிருந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்குச் சேர்க்கும் ஹொப் பூ இரண்டும் கடல் கடந்து வந்தன. எங்களுடையது மலைத் தண்ணீரும் குளிரும்.

அங்கே வடித்த பல வகையில் கறுப்பானதும் கனத்ததுமான வகைதான் ஸ்ரவுட். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே முதலில் ‘வலுவான’ என்பதுதான் பொருள். மதுசாரம் நூற்றுக்கு எட்டு வீதமளவில். சாதாரண பியரில் இருப்பது ஐந்து வீதமளவு. மைக்கல் ஜக்சன் என்று ஒருவர் இருந்தார்; பாட்டுக்காரர் அல்ல, உலகத்துப் பியர்களைப் பற்றி எழுதியே வாழ்ந்த இங்கிலாந்துக்காரர் (1942-2007). அவர் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் வந்து இந்த ஸ்ரவுட்டைக் குடித்துப் பார்த்து உயர்வாக எழுதிய பிறகே, வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் இலங்கையைத் தேயிலைக்கு அப்பாலும் அறிந்தார்கள். 1990களின் இறுதியில் தொழிற்சாலை மலையை விட்டிறங்கிக் கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போயிற்று. குளிரூட்டும் இயந்திரம் வந்தபின் மலைக் குளிர் எதற்கு?

கறுப்பு நிறம் எப்படி வருகிறது என்று தபாலப்புவைக் கேட்டிருக்கிறேன். “கோப்பிக் கொட்டை வறுக்கிறமாதிரி மோல்ட்டை வறுக்கிறது” என்பார். சரியாகத்தான் சொன்னார். 1817இல் டானியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் முளைத்த பார்லியை உருளையில் இட்டு வறுக்கும் பொறிக்கு உரிமம் பெற்றார். சிறிதளவு கறுத்த மோல்ட் போதும், முழு அண்டாவும் கறுத்துவிடும்.

ஆனால் மோல்ட் என்றால் என்ன? பெயர் அந்நியமானாலும், இதில் வட்டக்கச்சிக் கமக்காரனுக்குப் புதிது ஒன்றுமில்லை. சிறுபோகத்துக்குச் சேற்று விதைப்புச் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? விதைநெல்லைச் சாக்கிலே கட்டி வாய்க்காலில் ஊறப்போடுகிறோம். ஒரு நாள் கழித்துத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, வைக்கோலால் மூடிப் பாரம் வைக்கிறோம். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் சுடுகிறது. வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது. ஒரு நெல்லை எடுத்துக் கடித்தால் இனிப்புத் தட்டுகிறது. நாம் அதைச் சேற்றில் வீசிவிடுகிறோம். பியர் வடிப்பவன் அந்த இடத்தில் நிறுத்தி உலர்த்துகிறான். வித்தியாசம் அவ்வளவே.

அந்த இனிப்புத்தான் மூலம். தானியத்திலே இருப்பது மாப்பொருள். மதுவம் என்ற நுண்ணுயிருக்கு அதை உண்ணத் தெரியாது, சீனி வேண்டும். முளைக்கும் விதை தன் குருத்துக்கு ஊட்டுவதற்காக மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியத்தைத் தானே சுரக்கிறது. விதை தன் பிள்ளைக்குச் சமைத்த சோற்றை மனிதன் இடையில் புகுந்து எடுத்துக்கொள்கிறான். உலர்த்திய முளையை இடித்து, கொதிநிலைக்குக் கீழே, ஏறத்தாழ 65 பாகை சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் மீதி மாப்பொருளும் இனிப்பாகும். வடித்து, ஹொப் பூவிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்த்தால் பியர்.

வலுவான பியர் எப்படி? எங்கள் பெண்கள் தேங்காய்ப்பூவைப் பிழிவதைப் பாருங்கள். முதலில் வருவது முதற்பால், தடிப்பு. மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிவது கப்பிப்பால். பழைய ஐரோப்பியப் பியர் வீடுகளிலும் இதே முறை. மோல்ட்டிலிருந்து முதல் வடியும் தடித்த நீரைப் பண்டிகைக்கென ஒதுக்கினார்கள். மறுபடி சுடுநீர் ஊற்றி வடித்த மெல்லிய நீர், கூலியாட்களுக்கும் பிள்ளைகளுக்கும் அன்றாடம் குடிக்க. முதற்பாலை அன்றாடக் கறிக்கு விடுபவள் கைகாரியல்ல. அவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

காலமும் இதற்கு இசைந்தது. ஐரோப்பாவில் பார்லி அறுப்பது கோடை முடிவில். முளைகட்டி உலர்த்தி முடிய மழைக்காலம். அதற்குப் பிறகு குளிர். வெப்பத்தில் வடித்தால் பியர் புளித்துப் பழுதாகும் என்பதால் பவேரியாவில் 1553இல் கோமகன் ஒரு கட்டளை போட்டார்: செப்ரெம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பியர் வடிக்கலாம். ஆகவே புதுத் தானியம், குளிர், நிறைந்த களஞ்சியம் மூன்றும் கூடும் இடத்தில் நத்தார் நிற்கிறது. எங்களுக்கோ இது நேர்மாறு. மார்கழியில் வன்னி வீடுகளில் நெல் முடிந்துகொண்டிருக்கும். புதிர் எடுப்பது தையில். பனங்கள் இறங்குவதும் அதன் பின்னர்தான். எங்கள் புதுத் தானியத் திருநாள் பொங்கல். நத்தாரோ வெறும் பெட்டிக் காலத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் தபாலப்புவின் போத்தல் நுவரெலியாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

எனது மைத்துனன் ஒருவன் நோர்வேயில், பேர்கன் பட்டினத்தில் இருக்கிறான். 1980களில் போனவன். அங்கே மார்கழி வந்தால் கடைகளில் ‘யூலே ஏல்’ என்ற நத்தார்ப் பியர் வந்துவிடும். செம்மண்ணிறம், முளைத் தானிய இனிப்பு. சாதாரண கடையில் 4.7 வீதம் வரைதான் விற்கலாம். அதற்கு மேல் வலுவானதை அரசாங்கத்தின் மதுக்கடையில்தான் வாங்கலாம் என்று எழுதினான். “இஞ்சையும் சட்டம் இருக்கு மச்சான்” என்று கேலியாக ஒரு வரியும் இருந்தது.

நான் அவனுக்குப் பதில் எழுதினேன்: நீ இருக்கும் அதே கரையோரத்தில் ஒரு காலத்தில் இதைவிட விசித்திரமான சட்டம் இருந்தது. குலாத்திங் என்பது மேற்கு நோர்வேயின் பழைய மக்கள் மன்று. அதன் சட்டத்தில் நத்தார்ப் பியருக்கே ஒரு பகுதி உண்டு. மூன்று கமக்காரராவது கூடி, வீட்டுக்காரனுக்கும் வீட்டுக்காரிக்கும் கணக்குப் பார்த்து மோல்ட் போட்டுப் பியர் வடிக்க வேண்டும். நத்தார் இரவில் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றி சொல்லி, நல்ல விளைச்சலுக்கும் சமாதானத்துக்குமாக அதனை ஆசீர்வதிக்க வேண்டும். செய்யாதவன் ஆயருக்குத் தண்டம் கட்ட வேண்டும். மூன்று குளிர்காலம் தொடர்ந்து தவறினால் சொத்து முழுவதும் போகும். பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. பாவப்பொறுத்தல் செய்து திருச்சபைக்குத் திரும்பலாம். மாட்டேன் என்றால் நாட்டை விட்டுப் போகவேண்டியதுதான்.

இதற்கு முன்னோடியான இன்னொரு கதையும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹாக்கோன் என்ற அரசன் இங்கிலாந்தில் வளர்ந்து கிறிஸ்தவனாகத் திரும்பியவன். மக்களோ பழைய தெய்வங்களை விடவில்லை. அவன் சண்டை பிடிக்காமல், அவர்களுடைய நடுக்குளிர்காலத் திருநாளை நத்தார் நாளுக்கு நகர்த்தினான். ஒவ்வொருவரும் இவ்வளவு பியர் வைத்திருக்க வேண்டும், அது முடியும்வரை திருநாள் என்றும் விதித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்நோரி என்ற ஐஸ்லாந்துப் புலவர் இதை அரசர் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். தெய்வம் மாறியது, குடம் மாறவில்லை. எங்கள் ஊர்க் கோவில்களில் நடந்த மாற்றங்களை எண்ணிக்கொண்டு இதை வாசித்தால் சிரிப்பு வரும்.

இந்தச் சட்டத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். குடிக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது கட்டிப்போடும் விதத்தைப் பாருங்கள். தன் தானியத்தில் வடிக்க வேண்டும்; தனியே வடிக்கக்கூடாது, மூவராவது கூட வேண்டும்; குறித்த நாளுக்கு வடிக்க வேண்டும்; பானை முடிந்தால் திருநாளும் முடிந்தது. விதைக்கு வைத்ததைத் தொட்டால் அடுத்த வருடம் வடிக்க மோல்ட் இல்லை, ஆகவே தண்டம். இந்த வேலிக்குள் என் தகப்பனார் போன்ற ஒருவர் அழிந்துபோக இடம் குறைவு என்றே நினைக்கிறேன். வலுவான மது அன்று ஆபத்தாக இருக்கவில்லை. வருடத்தில் ஒரு குடம்தானே. ஆபத்து, அந்த வலு 365 நாளும் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியபோது வந்தது. டென்மார்க்கில் ஒரு பெரிய கொம்பனி தன் நத்தார்ப் பியரை நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையே இறக்கி, அதையும் ஒரு திருநாளாக்கியிருக்கிறது. நத்தாருக்கு ஏழு கிழமைக்கு முன்னரே நத்தார்ப் பியர்!

எங்கள் பக்கத்துச் சட்டம் வேறு திசையில் வந்தது. வெள்ளைக்காரர் 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அனுமதி பெற்ற தவறணையில் காசு கொடுத்துக் குடிக்கலாம். வீட்டில் புளிக்கவைத்தால் குற்றம். நோர்வேக்காரன் வடிக்காததற்குத் தண்டம் கட்டினான், நாங்கள் வடித்ததற்கு. குடியைக் குறைக்கவென்றே அந்தச் சட்டம் வந்ததாகச் சொன்னார்கள். வரி வந்தது, தவறணை வந்தது. மதுவிலக்கு இயக்கத்தினர் அப்போதே இதைத் தெரு முனைகளில் சொன்னார்கள்.

வீட்டில் புளிக்கவைக்கும் தானிய மது தமிழனுக்கு என்றுமே இருந்ததில்லை, கள்ளும் சாராயமும்தான் எங்கள் வழக்கம் என்று சிலர் நினைப்பதுண்டு. அவர்கள் பத்துப்பாட்டைத் திறந்து பார்க்கவேண்டும். உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய நூல். அதிலே பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. வழியில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுமிடத்தில் ஒரு முழுச் செய்முறையே வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள பிழாவில் பரப்பி ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போன்று தோன்றும் அடையை அதிலே பிசைந்து சேர்க்கிறார்கள். நச்சினார்க்கினியர் இதை இடித்த நெல்முளை என்று உரைக்கிறார். பிறகு சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள்.

நேயர்களே, இது பியர். முளைத் தானியம் இருக்கிறது, ஆறவைக்கும் பாத்திரம் இருக்கிறது, நாட்கணக்கும் இருக்கிறது. பேக்கர் நுவரெலியாவுக்கு வருமுன் ஏறத்தாழ 1,700 வருடம் முந்திய செய்முறை. அவர்கள் ஆறவைத்தது பிழாவில். நாங்கள் பனையோலையில் கோலிக் கள்ளுக் குடித்தது பிளாவில். எழுத்து வேறு, பாத்திரமும் வேறு. ஆனாலும் அந்த வரியைக் கடக்கும்போது என் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

அந்தப் பாட்டை நான் படித்தது பள்ளிக்கூடத்தில். அதை நேரில் கண்டது ஆச்சியின் குசினியில்.

1990க்குப் பின் வன்னிக்குப் பாதை அடைபட்டது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமுமே எண்ணிக் கிடைத்த காலம். கறுத்தப் போத்தலைப் பற்றி யார் நினைத்தார்கள்? தபாலப்பு நோயில் விழுந்திருந்தார். மோல்ட் என்ற சொல் அப்போது எங்களுக்கு ஒரே ஒரு பொருளில்தான் தெரியும்: நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் நெஸ்ரமோல்ட் தகரம். அதுவும் பார்லி முளைதான், மதுவாகாத பார்லி முளை. அந்தத் தகரமும் கிடைக்காத ஒரு மார்கழியில், “நத்தாருக்கு ஒரு சொட்டுமில்லையோ?” என்று அப்பு கேட்டார். ஆச்சி அன்றுதான் குரக்கனை நனையவிட்டார்.

குரக்கன்தான் வேண்டும், நெல் சரிவராது என்பது ஆச்சியின் தீர்ப்பு. முளையில் நல்ல இனிப்புத் தருவது, சிறுதானியங்களில் குரக்கன்தான். நேபாளத்திலும் சிக்கிமிலும் குரக்கனைப் புளிக்கவைத்து, மூங்கிற் குவளையில் இட்டுச் சுடுநீர் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். ஆபிரிக்காவில் உகண்டாப் பக்கத்தில் குரக்கன் பியர் இல்லாமல் கலியாணம் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. குரக்கனைப் பூச்சி அண்டாது, வருடக்கணக்காகக் கிடக்கும். நெல் முடிந்த மார்கழியிலும் பானை அடியில் குரக்கன் இருக்கும்.

ஒரு பகல் ஊறல். வடித்துச் சீலையில் முடிந்து, அடுப்படிச் சூட்டில் இரண்டு நாள். மெல்லிய முளை வந்ததும் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, திரிகையில் அரைத்து, அரிசிக் களியோடு கலந்து ஊறுகாய்ச் சாடியில் ஊற்றித் துணியால் வாய் கட்டுவார். மதுவம் எங்கிருந்து வந்தது? கள்ளு முட்டியின் மண்டியில் ஒரு கரண்டி. கருப்பநீர் புளியாதிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவோம். சுண்ணாம்பு பூசாத முட்டியின் மண்டி ஒருபோதும் சாகாது. நோர்வேயில் வொஸ் என்ற மலைப்பகுதிப் பண்ணைகளில் ‘குவைக்’ என்று தங்கள் வீட்டு மதுவத்தை மரவளையத்தில் உலரவைத்துப் பரம்பரையாகக் காத்து வந்தார்கள். அதைப் பியரில் சேர்க்கும்போது அது விழித்துக்கொள்ள வேண்டுமென்று பெருங்குரலில் கத்துவார்களாம். குளிர்நாட்டு மதுவமாக இருந்தும் 40 பாகை வெப்பத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று அண்மைக் காலத்தில் கண்டு அதிசயித்தார்கள். வட்டக்கச்சி வெயிலுக்கு ஏற்ற மதுவம் பேர்கனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது!

ஆச்சி கத்தவில்லை. சாடிக்குமேல் சிலுவை போட்டார். இரண்டு இரவும் இரண்டு பகலும். மூன்றாம் நாள் விடியுமுன் வடித்தார். “இதுக்கு மேலை விட்டால் அது வேறை சாமான். பொலிசுக்கும் பாவம், எனக்கும் பாவம்” என்றார். உருத்திரங்கண்ணனாரை அவர் வாசித்தவரல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்த இரண்டு நாட் கணக்கு எந்த வழியாக அவர் கைக்கு வந்ததோ, அந்த வழியில் சட்டத்தின் கை படவில்லை.

அது கலங்கல் நிறம்; சிறு புளிப்பு, சிறு இனிப்பு, மெல்லிய சூடு. தபாலப்பு ஒரு மிடறு குடித்தார். “ஸ்ரவுட் இல்லை” என்றார். பிறகு கிளாசை மறுபடி நீட்டினார். ஆச்சி சாடியைக் கவிழ்த்துக் காட்டினார்! அன்று அறையிலிருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் அதற்கடுத்த மாரிக்கு இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மார்கழியும் சாடி இறங்கியது. 2002இல் ஏ-9 பாதை திறந்து, கறுத்தப் போத்தல் மறுபடி கிடைத்தபின்னரும் ஆச்சி சாடியை விடவில்லை.

2008 மார்கழியில், நத்தாருக்கு ஒரு கிழமை இருக்க, ஷெல் ஊருக்குள் விழத் தொடங்கியது. நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் வெளிக்கிட்டோம். ஆச்சி அன்று காலைதான் குரக்கனை நனையவிட்டிருந்தார். சாடியைத் தூக்க முடியாது. ஈரக் குரக்கனைச் சீலையோடு முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். “இதையெல்லாம் இப்ப ஏன்?” என்று யாரோ சினந்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை.

தர்மபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே மழைத் தண்ணீரில் இருந்தோம். மடிச்சூட்டில் குரக்கன் முளைத்துவிட்டது. உலர்த்த வெயிலில்லை, வறுக்க விறகில்லை, வடிக்கச் சாடியில்லை. நத்தார் அன்று ஆச்சி அந்த ஈரமுளையை அப்படியே அரைத்துக் கஞ்சி காய்ச்சினார். சீனி எங்குமில்லை, ஆனாலும் கஞ்சி இனித்தது. பக்கத்துத் தறப்பாள்களில் இருந்த பிள்ளைகளெல்லாம் வரிசையில் வந்தார்கள். அகப்பையால் அளந்து அளந்து ஊற்றினார். வரிசையின் முடிவில் என் தாயார், முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் ஒரு மிடறும் வாங்காதவர், ஏதனத்தை நீட்டிக்கொண்டு நின்றார். ஆச்சி முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே ஊற்றினார்.

ஆச்சி 2009இல் செட்டிகுளத்து முகாமில் காலமானார். 2010இல் நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரையில்லை, பூவரசு வளவு காடாகியிருந்தது. ஆச்சியின் குசினி இருந்த இடத்தில் மண்ணைக் கிளறியபோது சாடி அகப்பட்டது. வாயோரம் ஒரு சில்லு போயிருந்தது, மற்றப்படி பழுதில்லை. இப்போது அது எங்கள் வீட்டில், தேசிக்காய் ஊறுகாயோடு இருக்கிறது.